குடைக்காரரின் நாலாவது வரி

மாடிப்படிக்கு அடியில் ஒடுங்கியிருந்த அந்தக் கண்ணாடிக் கடையில் மொத்தமே ஒரு ஆள்தான். லென்ஸ் தேய்ப்பது அவர், பில் போடுவது அவர், வாசலைக் கூட்டுவதும் அவர். அக்கம்பக்கத்தில் அவருக்கு லென்ஸ்காரர் என்று பெயர். கடைக்குள் நிமிர்ந்து நின்றால் மாடிப்படி தலையில் இடிக்கும். அதனால் எதிரே யார் வந்தாலும் தலையைச் சாய்த்துத்தான் பார்ப்பார். பார்க்கிறவர்களுக்கு, அவர் ஏதோ சந்தேகம் கேட்கப்போகிறார் என்று தோன்றும்.

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், மூக்குக்கண்ணாடியின் ஒடிந்த காலை டேப்பால் சுற்றிக்கொண்டு ஓர் இளைஞன் உள்ளே வந்தான். மறுநாள் காலை அவனுக்கு நேர்காணல். அதைச் சொல்வதற்கு முன்பே, தன் குடும்பத்தில் முதன்முதலில் பட்டம் வாங்கியவன் தான்தான் என்பதைச் சொல்லிவிட்டான். உட்கார்ந்த பிறகு இன்னொரு தடவை சொன்னான். லென்ஸ்காரருக்கு அவனைப் பிடித்துப்போனது. தன்னுடையதை ‘இது என்னுடையது’ என்று வாய்விட்டுச் சொல்லத் தெரிந்தவனைப் பார்த்து அவருக்கு ரொம்ப நாளாகியிருந்தது.

அவர் திருகாணியை முடுக்கிக்கொண்டிருந்தபோது, அவன் போனை முகத்தோடு ஒட்டி வைத்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தான்.

“அண்ணே, ஸ்டாண்ட்-அப் காமெடின்னா இவர்தான்ணே. இவரை அடிச்சுக்க ஆளே கிடையாது. நீங்க என்ன சொல்றீங்க?”

திரையில் கறுப்புச் சட்டை போட்ட ஒருவன் பேசிக்கொண்டிருந்தான். ‘என் பொண்டாட்டி என்னைப் பத்தி ஒரு சீட்டு எழுதி வச்சா. பிரேம் சரி. லென்ஸ் வராது. ஆர்டர் ரத்து!’ அரங்கமே அதிர்ந்தது.

லென்ஸ்காரரின் கையில் திருப்புளி நின்றுவிட்டது.

“நாலு வரி” என்றார்.

“என்னண்ணே?”

“அந்தச் சீட்டுல நாலு வரி. அவன் மூணுதான் சொல்றான்.”

அவர் காலைப் பொருத்தி, கேட்காமலேயே மூக்குப் பிடிகளையும் மாற்றி, கண்ணாடியை அவன் முகத்தில் தானே மாட்டிவிட்டார். “நேர்காணலை முடிச்சுட்டு வாங்க தம்பி. அதுக்குள்ள நான் ஒருத்தரைக் கேட்டு வைக்கிறேன்.”

அவன் எட்டு நாள் கழித்து, வேலை கிடைத்த கையோடு வந்தான். இதை எழுதுவது அவன்தான். இனி அவனுக்கு இந்தக் கதையில் வேலையில்லை.

மாடிப்படிக்கு அடியில் வருவதற்கு முன், லென்ஸ்காரர் பதினேழு வருடம் ஒரு பெரிய கண்ணாடிக் கடையின் பின்பக்க ஒர்க்‌ஷாப்பில் இருந்தார். அங்கே ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஒரு பிளாஸ்டிக் தட்டு. தட்டில் பிரேம், இரண்டு லென்ஸ், ஒரு மஞ்சள் சீட்டு. சீட்டில் நாலு கட்டம்: வலது, இடது, தூரம், கிட்டம். அடியில் ‘குறிப்பு’ என்று ஒரு கோடு. தேய்க்கும் இயந்திரத்தில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். மதியம் ஒரு மணிக்கு முழங்கைவரை வெள்ளைச் சேறோடு இருக்கும் ஐந்து பேரும் கைகழுவிவிட்டு, முன்பக்கக் கவுன்ட்டர் ஆளோடு ஆறு பேராகச் சாப்பாட்டு அறைக்குப் போவார்கள். போனதும் சண்டை ஆரம்பித்துவிடும்.

உலகத்திலேயே பெரிய ஸ்டாண்ட்-அப் காமெடியன் யார்? இதுதான் சண்டை. வருடக்கணக்காக ஓடிய சண்டை.

லென்ஸின் பவரைச் சரிபார்க்கும் அக்காவை எல்லோரும் பவர் அக்கா என்பார்கள். அவர் கட்சி, மேடையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பேசும் ஒரு அம்மா. முன்பக்கக் கவுன்ட்டரில் விற்பனை பார்த்த இளைஞனுக்கு, குரல் தெருமுனைவரை கேட்கும் என்பதால், மைக் என்று பெயர். அவன் கட்சி, கோட்டுப் போட்ட ஒரு வெளிநாட்டுக்காரர்.

“உக்காந்துக்கிட்டே பேசுறவங்க எப்படிக்கா ஸ்டாண்ட்-அப்பு?”

“நின்னுக்கிட்டே தூங்குற உன்னை சேல்ஸ்மேன்னு வச்சிருக்காங்கல்ல, அந்த மாதிரிதான்டா.”

சண்டைக்கு ஒரு சட்டமும் இருந்தது. போனைக் காட்டக் கூடாது. எல்லாப் போனும் காலித் தட்டு ஒன்றில் கவிழ்ந்து கிடக்கும். தன் ஆள்தான் பெரியவர் என்கிறவர், அவருடைய ஜோக்கைத் தானே சொல்லிச் சிரிக்க வைக்க வேண்டும். யாருடைய ஜோக்குக்கு ஒருவரும் சிரிக்கவில்லையோ, அவர் அன்றைக்கு ஆறு பேருடைய சாப்பாட்டு டப்பாக்களையும் கழுவ வேண்டும்.

லென்ஸ்காரர் வீடியோ பார்க்கிற ஆள் இல்லை. பழைய துணுக்கு எதையாவது சொல்வார். அறை கம்மென்று இருக்கும். நாற்பத்து மூன்று நாள் அவர்தான் டப்பா கழுவினார். “அண்ணன் சண்டைக்கு வந்த பிறகு சோப்புச் செலவு கூடிப்போச்சு” என்றார் பவர் அக்கா. அன்றைக்கு அதற்குத்தான் பெரிய சிரிப்பு.

நாற்பத்து நாலாம் நாள் அவர் வேறொன்று சொன்னார். “எனக்கு ஒரு ஆளைத் தெரியும். வீடியோவெல்லாம் கிடையாது. மடக்கின குடையோட மேடைக்கு வருவார், கடைசிவரை விரிக்க மாட்டார். குடைக்காரர்னு பேரு. அவர் வீட்டுல ஒரு சண்டை. பொண்டாட்டி பதினோரு நாள் பேசல. சொல்ல வேண்டியதெல்லாம் கண்ணாடிக் கடைச் சீட்டுல எழுதி ஃபிரிட்ஜ்ல ஒட்டிடுவா. ஒருநாள் எழுதியிருந்தா. ‘தூரம்: நாலு தெரு தள்ளியிருக்கிற தங்கச்சி வீட்டுக் குழாய் ஒழுகுறது நல்லாத் தெரியுது. கிட்டம்: சொந்த வீட்டுக் குழாய் மூணு மாசமாத் தெரியல. குறிப்பு: அவசரம்.’”

பவர் அக்காவுக்குப் புரையேறிவிட்டது. மைக் மேசையைத் தட்டினான்.

குடைக்காரர் என்று ஒருவர் கிடையாது. குழாய் லென்ஸ்காரர் வீட்டுக் குழாய். சீட்டை எழுதியது அவர் மனைவி. வீட்டிலேயே பள்ளிச் சீருடைகளுக்குப் பொத்தான் தைப்பவர். அதிகம் பேசாதவர். கணவர் கொண்டுவந்து போட்டிருந்த வெற்றுச் சீட்டுக் கட்டு ஒன்று அவர் கைக்குக் கிடைத்ததிலிருந்து, சண்டையோ சமாதானமோ, வாரத்துக்கு ஒன்றாவது ஃபிரிட்ஜில் ஏறிவிடும். லென்ஸ்காரர் தனியாக நின்று படித்துச் சிரிப்பார். பிறகு ஒர்க்‌ஷாப்புக்கு வந்து குடைக்காரர் பெயரில் அவிழ்த்துவிடுவார். அதன் பிறகு அவர் ஒரு டப்பாகூடக் கழுவியதில்லை. மனைவியிடம் இதைச் சொல்ல வேண்டும் என்று பலமுறை நினைத்தார். நினைத்ததோடு சரி.

மைக்கும் அவரும் வேலை முடிந்து ஒன்றாகத்தான் பஸ் நிறுத்தத்துக்கு நடப்பார்கள். மைக்குக்கு மேடையேற வேண்டும் என்று ஆசை. ஒரு காப்பிக் கடையில், பெயர் கொடுத்தால் யாரும் ஐந்து நிமிடம் பேசலாம் என்று வைத்திருந்த மேடையில் அவன் பேசியபோது, சிரித்தது லென்ஸ்காரர் மட்டும்தான். அதுவும் எந்த இடத்தில் சிரிக்க வேண்டும் என்று தெரியாமல், எல்லா இடத்திலும் சிரித்தார்.

மறுநாள் நிறுத்தத்தில் மைக் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தான். “எனக்குச் சொந்தமா ஒண்ணும் வரலண்ணே. அந்தக் குடைக்காரருக்கெல்லாம் எங்கேருந்துதான் வருதோ.”

அவனைத் தேற்ற வேண்டும் என்கிற வேகத்தில் அவர் உண்மையைச் சொல்லிவிட்டார். “குடைக்காரரும் இல்ல, ஒரு மண்ணும் இல்லடா. எல்லாம் என் வீட்டம்மா எழுதுறது. நீயும் உன் வீட்டை உத்துப் பாரு. வரும்.”

மைக் வாயைப் பிளந்தான். அந்த வியப்பு அவருக்கு இனித்தது. இனித்ததால், சாப்பாட்டு அறையில் ஒருநாளும் சொல்லாத ஒரு சீட்டையும் சொல்லிவிட்டார்.

ஏழு வருடம் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்து, இனிக் குழந்தை இல்லை என்று டாக்டர் சொன்ன மறுநாள் காலை ஃபிரிட்ஜில் இருந்த சீட்டு அது. பிரேம் சரி. லென்ஸ் வராது. ஆர்டர் ரத்து. குறிப்பு: வாடிக்கையாளர்கள் இருவரும் நலம்.

“இது சிரிக்கிறதுக்கு இல்லடா. கேட்டதை இங்கேயே விட்டுட்டுப் போ.”

“சத்தியமாண்ணே” என்றான் மைக்.

ஐந்து மாதம் கழித்து மைக் பெரிய அரங்கம் ஒன்றில் பேசப்போவதாகச் சொல்லி, எல்லோருக்கும் இரண்டாம் வரிசையில் இடம் போட்டிருந்தான். “அண்ணியைக் கட்டாயம் கூட்டிட்டு வாங்க” என்று தனியாகச் சொன்னான். மனைவி இருந்ததிலேயே நல்ல உடுப்பை இஸ்திரி போட்டு உடுத்திக்கொண்டு வந்தார். வீட்டைவிட்டு அப்படி ஒரு இடத்துக்குப் போய் ஆறு வருடம் ஆகியிருந்தது.

“என் பொண்டாட்டி இருக்காளே” என்று ஆரம்பித்தான் கல்யாணமே ஆகாத மைக்.

முதலில் குழாய். மனைவி திரும்பி லென்ஸ்காரரைப் பார்த்தார். அவர் மேடையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அடுத்து பொத்தான், அடுத்து நாத்தனார், அடுத்து குறட்டை. ஒவ்வொன்றும் அவர் ஃபிரிட்ஜில் படித்தது. அதே வரிசையில் பவர் அக்கா பல்லைக் கடித்தார். “குடைக்காரர் ஜோக்கை எல்லாம் சுட்டுட்டான் பாரு, படுபாவி!”

கடைசியில் மைக் குரலைத் தாழ்த்தினான். பிரேம் சரி. லென்ஸ் வராது. ஆர்டர் ரத்து. அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. இரண்டு பேர் மட்டும் உட்கார்ந்திருந்தார்கள். மனைவி கண்ணாடியைக் கழற்றி, மடியில் வைத்து, வெகுநேரம் துடைத்தார். அது அவர் கணவர் தேய்த்துக் கொடுத்த கண்ணாடி.

பஸ்ஸில் மூன்று நிறுத்தம் தாண்டுவதற்குள், குடைக்காரர், சாப்பாட்டு மேசை எல்லாவற்றையும் லென்ஸ்காரர் சொல்லி முடித்திருந்தார். பிறகு மனைவி கேட்டார். “அந்தக் கடைசிச் சீட்டை அவன்கிட்ட எப்படிச் சொன்னீங்க?”

“அவன் மனசு ஒடிஞ்சு உக்காந்திருந்தான். அதான்...”

“ஏன் சொன்னீங்கன்னு கேக்கல. எப்படிச் சொன்னீங்க? அழுதுக்கிட்டா, சிரிச்சுக்கிட்டா?”

அவர் யோசித்துப் பார்த்தார். அன்றைக்கு நிறுத்தத்தில் மூன்றாவது வரி வந்ததும் மைக் களுக்கென்று சிரித்தான். ஜோக் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய். கூடவே அவரும் சிரித்திருந்தார். நாலாவது வரியைச் சிரிப்புக்கு நடுவில்தான் சொன்னார்.

“நீங்க ஒரு மேசைக்குக் கொண்டுபோனீங்க. அவன் ஒரு மேடைக்குக் கொண்டுபோனான்” என்றார் மனைவி. அதற்குப் பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மறுநாள் மைக்கைக் கவுன்ட்டருக்குப் பின்னால் நிறுத்தி, “இப்படிப் பண்ணலாமாடா?” என்று மட்டும் கேட்டார் லென்ஸ்காரர்.

மைக் கொஞ்சமும் அசரவில்லை. உண்மையிலேயே தான் செய்தது தப்பு என்று அவனுக்குத் தோன்றியதாகத் தெரியவில்லை. “அண்ணே, நீங்க இல்லாத ஒருத்தன் பேர்ல சொன்னீங்க. நான் என் பேர்ல சொன்னேன். அண்ணி பேரை நீங்களும் சொல்லல, நானும் சொல்லல. அப்புறம் என்மேல மட்டும் என்ன கோபம்?”

“நாலாவது வரியை எங்கடா?”

“அது எடுபடலண்ணே. வீட்டுல சொல்லிப் பார்த்தேன். சிரிப்பு அங்க அடங்கிடுது.”

அன்றைக்கு ஒரு மணிக்குச் சாப்பாட்டு அறை கொதித்தது. பவர் அக்கா தட்டை நகர்த்திவிட்டு எழுந்தே நின்றார். “எங்கேயோ பாவம், குடையைப் பிடிச்சுக்கிட்டு ஒரு மனுஷன் பிழைக்கிறான். அவன் சோத்துல கை வைக்கிறதா? அண்ணே, அந்தக் குடைக்காரர் எந்த ஊரு? சொல்லுங்க, நானே எழுதிப் போடுறேன்.” ஐந்து பேரும் அவர் வாயைப் பார்த்தார்கள். மைக்கும் பார்த்தான், லேசாகச் சிரித்தபடி.

ஒரு வார்த்தை போதும். ‘அது என் மனைவி எழுதியது’ என்றால் மைக்கின் முகத்திரை கிழிந்துவிடும். ஆனால் அந்த ஒரு வார்த்தையோடு, கடைசிச் சீட்டு யாருடையது, எதைப் பற்றியது என்பதும் மேசைமேல் வந்து விழும். பவர் அக்கா உச்சுக் கொட்டுவார். நாளைக்கு முன்கடைக்கும் போகும். மனைவியை மூன்றாவது தடவையாகக் கூட்டத்தில் நிறுத்தியது போலாகும்.

“தெரியல அக்கா. செத்துட்டார்னு கேள்வி” என்றார் லென்ஸ்காரர்.

பவர் அக்கா உட்கார்ந்து, “நல்ல மனுஷன்” என்றார். அன்றைக்கு ஆறு டப்பாவையும் யாரும் சொல்லாமலேயே லென்ஸ்காரர் கழுவினார். மாதக் கடைசியில் வேலையை விட்டார். காரணம் கேட்டதற்கு முதுகுவலி என்றார்.

பட்டதாரி இளைஞன் முதல் தடவை வந்துபோன அன்று, லென்ஸ்காரர் வீட்டுக்குப் போய் மனைவியிடம் கேட்டார். இரண்டு வருடத்தில் அதைப் பற்றி வாய் திறந்தது அன்றைக்குத்தான். “ஒரு படிச்ச பையன் கேக்குறான். சொல்லட்டுமா? எழுதினாலும் எழுதுவான். வேண்டாம்னா விட்டுடறேன்.”

மனைவி ஐந்து பொத்தான் தைத்து முடித்தார். பிறகு நூலைக் கடித்துத் துண்டித்தார். “எழுதட்டும். நாலு வரியும் இருக்கணும். எழுதினது குடைக்காரன் இல்ல, ஒரு பொம்பளைன்னும் இருக்கணும்.” சற்றுக் கழித்து, “இதையாவது கேட்டீங்களே” என்றார்.

மைக் இப்போது கறுப்புச் சட்டையோடு பல ஊர்களில் மேடையேறுகிறான். மூன்று வரியோடுதான் முடிக்கிறான். லென்ஸ்காரர் மாடிப்படிக்கு அடியில் தனியாக வேலை பார்க்கிறார். மதியம் இயந்திரத்தின் பக்கத்திலேயே சாப்பிட்டு, ஒரே ஒரு டப்பாவைக் கழுவி வைக்கிறார். வீட்டுக் குழாயை மாற்றிவிட்டார். வெற்றுச் சீட்டுக் கட்டு ஃபிரிட்ஜின் மேல் இருக்கிறது. அவர் மனைவி அதை இன்னும் தொடவில்லை.