கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பேசியவர்

ஏழு வயதில் வந்த மூளைக்காய்ச்சல் என் இரண்டு காதுகளையும் எடுத்துக்கொண்டது. அதற்குப் பிறகு பிறர் பேச்சை நான் உதடுகளில்தான் படித்து வந்திருக்கிறேன். வேங்கிக்காலில் ஓர் அரசு அலுவலகத்தில் தட்டச்சு வேலை. என் கணவர் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஷேர் ஆட்டோ ஓட்டினார். தாடி வைத்திருந்தாலும் மீசையை மட்டும் உதட்டில் விழாதபடி ஒட்ட நறுக்கிக்கொள்வார். இஸ்லாமிய மார்க்கம் சொன்னது பாதி, எனக்காகப் பாதி என்பார்.

கொரோனா வந்தபோது ஊரில் எல்லார் வாயும் மறைந்துபோயிற்று. நான் கடையில் நின்றாலும் அலுவலகத்தில் உட்கார்ந்தாலும் எதிரே கண்கள் மட்டுமே இருந்தன. யார் என்னிடம் பேசுகிறார்கள் என்பதுகூடத் தெரியாது. விவரம் அறிந்தவர்கள் இரக்கப்பட்டு, முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கி, என் முகத்துக்கு நேரே குனிந்து பேசுவார்கள். அந்த இரக்கத்தைக் கண்டுதான் என் கணவர் பயந்தார்.

நாங்கள் பல வழிகள் பார்த்தோம். துணி முகக்கவசத்தின் நடுவே கண்ணாடித் தாள் வைத்துத் தைத்தேன். இரண்டு வார்த்தை பேசுவதற்குள் ஆவி படிந்து வெளுத்துப்போயிற்று. பிறகு நெற்றியிலிருந்து தாடை வரை தொங்கும் பிளாஸ்டிக் தடுப்பு ஒன்றை வாங்கி, என் பக்கத்து இருக்கைக்காரருக்குக் கொடுத்தேன். அவர் முகக்கவசமில்லாமல் அதை மட்டும் போட்டுக்கொண்டு பேசினால் உதடு நன்றாகத் தெரிந்தது. எனக்கு உயிர் வந்தது போலிருந்தது. எங்கள் அலுவலகத்தில் தடுப்பூசி போட வந்த டாக்டரம்மா அதைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார். தன் முகக்கவசத்தைக் கழற்றவில்லை. போனில் தட்டிக் காட்டினார். வாயிலிருந்து தெறிப்பதை அது தடுக்குமாம். மூச்சுக்காற்று கீழ்வழியாகச் சுற்றிக்கொண்டு வந்துவிடுமாம். உள்ளே முகக்கவசம் இல்லாமல் அதை மட்டும் நம்பக் கூடாதாம்.

அன்றைக்கு அவர் எல்லாவற்றையும் சொன்னார். ஒற்றைத் துணி ஏதோ கொஞ்சம் தடுக்கும். நீல நிற மெடிக்கல் முகக்கவசம் அதைவிட மேல், ஆனால் கன்னத்தோரம் இடைவெளி விடும். முகத்தோடு இறுக ஒட்டும் என்-95தான் போட்டவரை நன்றாகக் காக்கும், அதுவும் காற்றுப் புக இடமில்லாமல் ஒட்டினால்தான். தாடி இருந்தால் ஒட்டாது.

நான் இதைச் சொன்ன மறுநாள் காலை என் கணவர் தாடியை மழித்துக்கொண்டு வந்து நின்றார். கல்யாணமாகி முதல்முறையாக அவர் முழு முகத்தைப் பார்த்தேன். நாடியில் ஒரு சின்னப் பள்ளம் இருந்தது. மகள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

இரண்டாம் அலையில் அவருக்குக் காய்ச்சல் வந்தது. ஆட்டோவில் யாரிடமிருந்து வந்ததோ தெரியாது. பின்னறையில் தனியாக இருந்தார். நானும் மகளும் வீட்டுக்குள்ளும் இறுக்கமான முகக்கவசத்தோடு இருந்தோம். நான் சாப்பாட்டை வாசலில் வைத்துவிட்டு முற்றத்து ஜன்னலுக்குப் போவேன். அதன் கண்ணாடிக் கதவு மூடியே இருக்கும். அவர் அந்தப் பக்கம் வந்து நின்று, முகத்தைத் திறந்து, மெதுவாகப் பேசுவார்.

"நீ எடுக்காத. எனக்குத்தான் காது கேக்குதே, மூடிக்கினே பேசு. நான் பேசறது தெரியுதா?"

தெரிந்தது. அந்த ஊரில் எனக்குப் படிக்கக் கிடைத்த உதடுகள் அவை மட்டும்தான். வீட்டுக்கடன், மகளின் படிப்பு, கிரிவலத்துக்கு மலை சுற்ற ஆள் வராமல் வெறிச்சென்று கிடக்கும் ரோடு என்று என்னென்னவோ பேசினார். நடுவில் இருமல் வந்தால் திரும்பி நின்றுகொள்வார். நாளாக ஆக இருமல் ஜாஸ்தியாகி, பேச்சு கம்மியாயிற்று.

மூச்சுத் திணறியதும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கே எல்லாரும் தலை முதல் கால்வரை மூடியிருந்தார்கள். என்ன நடக்கிறது என்று யார் முகத்திலும் படிக்க முடியவில்லை. அவருக்கு ஆக்சிஜன் வைத்திருந்தார்கள். மூக்கையும் வாயையும் சேர்த்து வைத்த அந்த மூடி கண்ணாடிபோலத்தான் இருந்தது, ஆனால் மூச்சு பட்டுப் பட்டு வெளுத்திருந்தது. மறுநாள் சாயங்காலம் அவர் என்னைப் பார்த்து ஏதோ சொன்னார். தாடை அசைவது தெரிந்தது. உதடு தெரியவில்லை. தெரியவில்லை என்று தலையாட்டினேன். திரும்பச் சொன்னார். பிறகு கையைத் தூக்கி மூடியை விலக்கப் பார்த்தார். நர்ஸ் ஓடி வருவதற்குள் நானே அவர் கையைப் பிடித்துக் கீழே இறக்கினேன். காற்று இல்லாமல் அவர் என்ன ஆவார் என்ற பயம். கையை விடாமல் பிடித்துக்கொண்டேன். அவரும் விடவில்லை.

விடியும்போது போய்விட்டார். நாலைந்து பேர் கவச உடையில் நின்று அடக்கம் செய்தார்கள்.

எனக்கும் மகளுக்கும் பரிசோதனை செய்தார்கள். இரண்டு பேருக்கும் இல்லை. ஒரே வீட்டில் இருந்தும் வராதது முகக்கவசத்தாலும் மூடிய ஜன்னலாலும்தான் இருக்கும் என்றார் டாக்டரம்மா. இருக்கலாம். என் கணவர் வற்புறுத்தி நடத்திய ஏற்பாடு அது.

இப்போது பௌர்ணமிக் கிரிவலக் கூட்டத்தில் யாரும் எதையும் கட்டுவதில்லை. எல்லா வாயும் திறந்திருக்கிறது. நான் மட்டும் கட்டிக்கொண்டு போகிறேன், மற்றவர்கள் பேசுவதைப் படித்துக்கொண்டு.

அன்றைக்கு ஆஸ்பத்திரியில் அவர் கடைசி நேரத்துக் கலிமாதான் சொல்லியிருப்பார் என்கிறார் என் மச்சினர். தன் பேரைத்தான் கூப்பிட்டிருப்பார் என்கிறாள் மகள். நான் இருவரிடமும் தலையாட்டுகிறேன். தண்ணீர் கேட்டிருப்பாரோ என்று எனக்கு ஒரு நினைப்பு உண்டு. அதை யாரிடமும் சொன்னதில்லை.