டேங்க் மூடிக்கு ஒரு குல்லா

எசென்குல் மாதிரி ஒரு பிடிவாதக்காரனை எங்கள் மலைப் பக்கத்தில் பார்க்க முடியாது. ஊரில் பாதிப் பேர் பழைய ஜப்பான் கார் வாங்கிய பிறகும், அவன் பக்கத்தொட்டி வைத்த சோவியத் காலத்து மோட்டார் சைக்கிளைத்தான் கட்டிக்கொண்டு அழுதான். ஆட்டுக்குட்டி, மாவு மூட்டை, சாணி எருவாட்டி எல்லாம் அந்தத் தொட்டியில்தான் போய் வந்தன. பெண்டாட்டி செத்தபோது மகள் சய்ரா தவழும் பிள்ளை. அவளையும் அதில் போட்டுக்கொண்டுதான் மந்தைக்குப் போவான். நான் முகாஷ், அவனோடு ஒரே பெஞ்சில் படித்தவன், கோடை மேய்ச்சலில் பக்கத்துக் கூடாரக்காரன். அந்த வண்டியைத் திட்டாமல் எனக்கு ஒரு பொழுது போனதில்லை.

வண்டி நின்றுபோச்சு என்று யார் வந்தாலும் முதலில் ஒன்றைத்தான் சொல்வான்.

"டேங்க் மூடியத் தொறடா. அதுக்கும் மூச்சு விட வேணாமா?"

மூடியில் ஊசிமுனை அளவுக்கு ஒரு துளை உண்டு. அது அடைத்துக்கொண்டால் உள்ளே காற்றுப் போகாது, பெட்ரோல் கீழே இறங்காது. டேங்க் நிறைய இருந்தும் வண்டி இருமி இருமி நின்றுவிடும். சும்மா நிறுத்திவைத்தால் காற்று மெல்லக் கசிந்து கொஞ்ச தூரம் ஓடும், திரும்பவும் நிற்கும். எங்கள் பக்கத்து முட்டாள்களுக்கெல்லாம் இதைச் சொல்லிக்கொடுத்தவன் அவன்தான். என்னையும் சேர்த்துத்தான்.

சய்ராவைக் கணவாய்க்கு அந்தப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தான். வசந்தத்தில் வயிற்றுப் பிள்ளையோடு வந்தவள், டேங்க் மூடிக்கு வெள்ளைக் கம்பளியில் ஒரு குட்டிக் குல்லா தைத்துப் போட்டுவிட்டுப் போனாள். அப்படியே எங்கள் ஆண்கள் வைக்கும் கல்பாக் மாதிரி, கறுப்பு விளிம்பு வைத்து.

"உனக்கு மட்டும் குல்லா இருந்தாப் போதுமா அப்பா? மழையில அதுக்கும் தலை நனையுதுல்ல?" என்றாள்.

அன்றிலிருந்து அந்தக் குல்லாவை யாராவது தொட்டால் அவனுக்குக் கோபம் வரும்.

அந்தக் கோடையில் ஒரு நாள் காலை போன் பேச மேட்டுக்குப் போயிருந்தேன். அங்கேதான் சிக்னல் கிடைக்கும். சய்ராவின் மாமனார் கூப்பிட்டார். பிரசவத்தில் தாயும் போய்விட்டாள், பிள்ளையும் போய்விட்டது.

"தம்பி, அவன்கிட்ட வாய விட்றாதே. உடம்பு சரியில்லன்னு மட்டும் சொல்லிக் கூட்டிட்டு வா. பெரியவங்க நாங்க உக்கார வச்சுச் சொல்லிக்கிறோம்."

எங்கள் வழக்கம் அது. சாவுச் செய்தியை ஒற்றை ஆள் வழியில் வைத்துப் போட்டு உடைக்கக் கூடாது. நாலு பேர் தாங்கிப் பிடிக்க இருக்கும்போதுதான் சொல்ல வேண்டும். நல்ல வழக்கம்தான். ஆனால் அந்தச் செய்தியை வயிற்றில் வைத்துக்கொண்டு கூடவே போகிறவன் படும் பாட்டை நினைத்துப் பார்த்தவர்கள் யாருமில்லை.

சொன்னேன். "சய்ராவுக்கு முடியலையாம். வரச் சொல்றாங்க."

அவன் வண்டியை உதைத்தான். நான் தொட்டியில் உட்கார்ந்தேன். மழை பிடித்துக்கொண்டது.

கணவாய் ஏற்றம் தொடங்கியதுமே வண்டி இருமியது, நின்றது. இறங்கி, பெட்ரோல் வரும் டியூபைக் கழற்றி வாயால் ஊதினான். கார்புரேட்டர் கிண்ணத்தைப் பார்த்தான், காய்ந்து கிடந்தது. வடிகட்டியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தான். எல்லாம் மாட்டி உதைத்தபோது வண்டி கிளம்பியது. இரண்டு வளைவு தாண்டி மறுபடி நின்றது. மறுபடியும் அதே டியூப், அதே கிண்ணம். விரலெல்லாம் குளிரில் நீலம் பாய்ந்திருந்தது. எனக்கு அவனைப் பார்க்கவே முடியவில்லை.

"மெதுவாப் பாரு, அவசரம் ஒண்ணுமில்ல," என்றேன்.

அவன் நிமிர்ந்து என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, டியூபை ஊதப் போய்விட்டான்.

கணவாய் உச்சியில் மறுபடி நின்றபோது எனக்குப் பொறுக்கவில்லை. கம்பளிக் குல்லா மழையில் ஊறி இறுகி, மூடியை ஈரத்தோல் மாதிரி கவ்விக்கொண்டிருந்தது. குருடனுக்கும் தெரியும்.

"எசென்குல், மூடியத் தொறந்து பாத்தியாடா?"

அவன் வடிகட்டியைக் கீழே வைத்தான்.

"மொத தடவ நின்னப்பவே தெரியும்."

"அப்புறம் ஏன்டா?"

"காலையிலேர்ந்து இந்த வண்டிய நீ ஒரு தடவகூடத் திட்டல. கிழட்டுக் கழுதைன்னு ஒரு வார்த்த சொல்லல. எம்பொண்ணு உசுரோட கெடந்தா, அவசரமில்லன்னு சொல்லுவியா நீ?" மழைத் தண்ணீரை முகத்திலிருந்து வழித்தான். "வண்டி இங்கயே நிக்கிற வரைக்கும் அவளுக்கு ஒண்ணும் ஆகல, முகாஷ். போய்ச் சேந்தாத்தான் சாவா."

அழுதுவிட்டேன்.

"அழாதடா. பெரியவங்க சொல்ற வரைக்கும் எனக்கு எதுவும் தெரியாது. உனக்கும் கெட்ட பேரு வேணாம்."

குல்லாவை இரண்டு கையாலும் மெல்லக் கழற்றிப் பிழிந்து கோட்டுக்குள் வைத்துக்கொண்டான். மூடியைத் திருகியதும் புஸ்ஸென்று காற்று உள்ளே போனது. அதற்குப் பிறகு அந்தப் பாழாய்ப்போன வண்டி எங்கேயும் நிற்கவில்லை.

சம்பந்தி வீட்டு முற்றத்தில் சாவுக் கூடாரம் போட்டிருந்தார்கள். துக்கத்துக்கு வரும் ஆண்கள் அதைக் கண்டதுமே ஓவென்று கதறிக்கொண்டு போக வேண்டும். எங்களுக்கு முன்னால் போனவர்கள் அப்படித்தான் போனார்கள். எசென்குல் மட்டும் சத்தமே இல்லாமல் இறங்கினான். செய்தி தெரியாதவன் எப்படி அழுவான்? எப்போதும் போலக் குனிந்து பெட்ரோல் டேப்பை மூடினான்.

பெரியவர்கள் அவனை உட்கார வைத்தார்கள். பிறந்தவர் எவரும் இங்கே தங்குவதில்லை என்று ஆரம்பித்து, சுற்றி வளைத்து, கடைசியில் சொன்னார்கள். இரண்டு பேர் தோளைப் பிடித்துக்கொண்டார்கள். அவன் முதல்முறை கேட்பவன் மாதிரியே எல்லாவற்றையும் கேட்டான்.

பிறகு கோட்டுக்குள்ளிருந்து அந்தக் குட்டிக் குல்லாவை எடுத்து முகத்தில் வைத்து மோந்தான். அப்போதுதான் அலறினான். அதில் பெட்ரோல் வாடை மட்டும்தான் இருந்திருக்கும்.