தண்ணீர் கேட்க ஓர் அணில் கதை

அப்பா போனில் பேசும்போது, இந்தக் குரலுக்குப் போன் எதற்கு என்று அம்மா கேலி செய்வாள். காரைக்குடியில் பெயின்ட் கடை நடத்திய குரல் அது. கடைக்குள் உட்கார்ந்தபடியே எதிர்ச்சாரிக் கடையில் டீ சொல்லிவிடுவார். போன ஐப்பசியில் வந்த பக்கவாதம் வலது கையையும் பேச்சையும் சேர்த்துக் கொண்டுபோனது. கை கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. பேச்சு திரும்பவில்லை. நாங்கள் சொல்வதெல்லாம் அவருக்குப் புரியும். அவர் சொல்ல நினைப்பதுதான் வாய்க்கு வராது. வந்தவர்கள் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். பிள்ளையார்பட்டிக்கு வேண்டிக்கொள்ளச் சொன்னார்கள், வேண்டிக்கொண்டோம். நான் வேண்டியது ஒன்றுதான். நான் பிறந்ததிலிருந்து அவர் என்னை ஆத்தா என்றுதான் கூப்பிடுவார். அதை இன்னொரு தடவை கேட்டுவிட வேண்டும்.

பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண், சின்னப் பிள்ளைகளின் படக்கதைப் புத்தகத்தை வாசித்துக் காட்டச் சொன்னார். பக்கத்துக்குப் பக்கம் புதிதாக ஒன்று சேர்ந்து, பழைய வரிகளே திரும்பத் திரும்ப வருகிற கதையாக இருந்தால் நல்லதாம். எனக்குக் கோபம்தான் வந்தது. ஊருக்கே பஞ்சாயத்துப் பேசிய மனிதருக்குப் பாப்பா கதையா? ஆனாலும் என் மகள் எப்போதோ கைவிட்ட, மூலையெல்லாம் கடித்துவைத்த ஒரு புத்தகத்தோடு நான் இருக்கும் மானகிரியிலிருந்து தினமும் வண்டியில் வந்து வாசித்தேன்.

அணிலின் நாவற்பழம் முள்ளுக்குள் விழுந்துவிடுகிறது. முள் விலகாது. முள்ளைத் தின்ன ஆடு வராது, ஆட்டை அடிக்கக் கம்பு வராது, கம்பை எரிக்கத் தீ வராது. தீயை அணைக்கிறேன் என்று தண்ணீர் ஒத்துக்கொண்ட பிறகுதான் ஒன்றுக்கொன்று பயந்து எல்லாம் அசைகின்றன, அணிலுக்குப் பழம் கிடைக்கிறது.

தை பிறந்து ஒரு காலையில், நான் மூச்சுவாங்க நிறுத்திய இடத்தில் அப்பா "ஆடு" என்றார். அம்மா அடுப்பை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தாள். கொஞ்ச நாளில் புத்தகம் இல்லாமலே அணிலு, பழம், முள்ளு, ஆடு, கம்பு, தீயி, தண்ணி என்று வரிசையாகச் சொன்னார். சந்தோஷத்தில் சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டேன். அவசரப்பட்டுவிட்டேன்.

அதைத் தவிர வேறொன்றும் வரவில்லை. ஆத்தா என்று சொல்லிக்கொடுத்தால் ஆடு என்றுதான் வாய் போனது. கதையிலும் நடுவிலிருந்து ஒரு வார்த்தையை எடுக்க அவரால் முடியவில்லை. தாகம் எடுத்தால் அணிலில் தொடங்கி, ஒவ்வொன்றாகக் கடந்து, தண்ணிக்கு வந்த பிறகுதான் டம்ளரைக் காட்டுவார். நடுவில் யாராவது பேசிவிட்டால் அறுந்துபோகும். மறுபடி அணிலுக்குப் போக வேண்டும். நாங்கள் வாயைத் திறக்காமல் நிற்போம். ஒரு வாய்த் தண்ணீருக்கு அவர் படுகிற பாட்டைப் பார்க்க முடியாமல் நான் கொல்லைப்பக்கம் போய்விடுவேன். எனக்கு வேறென்ன செய்யத் தெரியும்?

போன வாரம் நான் உள்ளே நுழைந்ததும் அப்பா "அணிலு" என்று தொடங்கினார். தாகம் போலிருக்கிறது என்று டம்ளரை நீட்டினேன். தள்ளிவிட்டார். வரிசையில் தண்ணி வந்தது. அவர் அங்கே நிற்கவில்லை. வந்த வழியே தீ, கம்பு, ஆடு, முள் என்று திரும்பிப் பழம் வரைக்கும் போய், என் முகத்தையே பார்த்தார். உதடு மட்டும் அசைந்தது. பிறகு மறுபடியும் அணில். காபி வேண்டுமா, படுக்க வேண்டுமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். எல்லாவற்றுக்கும் இல்லை என்று தலையசைத்தார். அவர் கண் கலங்கியது.

கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்த அம்மா மெதுவாகச் சொன்னாள்: "அவுகளுக்கு ஒண்ணும் வேணாம். ஒன்னயத்தேன் கூப்பிட வார்த்தை தேடுறாக."

அந்தப் புத்தகத்தின் எந்தப் பக்கத்திலும் அந்த வார்த்தை இல்லை. நான் இங்கேதான் இருக்கிறேன் என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் கையை விடாமல், மறுபடி அணிலிலிருந்து தொடங்கினார்.