இடது மலை, வலது மலை

ஒரு மீன் தொட்டியால் ஷூ கம்பெனி முழுவதும் காலியானதை நான் ஆம்பூரில் பார்த்தேன். அந்தத் தொட்டி என் பராமரிப்பில்தான் இருந்தது. இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் சிரித்துக்கொண்டே படிக்கலாம், ஆனால் கடைசியில் சொல்வதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கலீல் பாயின் கம்பெனி அது. தோல் பதனிடும் டேனரியும் ஷூ யூனிட்டும் ஒரே காம்பவுண்டுக்குள். ரிசப்ஷனில் இருந்த உப்புநீர்த் தொட்டியை நான்தான் அமைத்துக் கொடுத்தேன். வருடக்கணக்கில் ஓடி நிலைபெற்ற தொட்டி. இடது பக்கம் கற்குவியல், அதன்மேல் பவளம், உச்சியில் ஓர் அனிமோன். பூவைப் போல் கைகளை விரித்து ஆடும் அந்த உயிருக்குள் ஒரு ஜோடி க்ளவுன் மீன்கள் குடியிருந்தன. ஆண் சிறியது, பெண் பெரியது. பெண்ணுக்கு நான் வைத்த பெயர் மேடம். தண்ணீருக்குள் கையை விட்டாலே கடிக்க வருவாள். என் வீட்டில்கூட யாரும் என்னை அப்படி அதட்டியதில்லை. இருந்தும் அவள்மேல் எனக்கு உயிர்.

ஷூ ஆர்டர் கொடுக்கும் வெளிநாட்டுப் பையர் வருவதற்கு முதல் நாள் பாய் என்னைக் கூப்பிட்டார்.

"இன்னா ஸ்டெல்லா இது, எடது கால் ஷூவ மட்டும் ஷோகேஸ்ல வெச்ச மாரி? வலது எங்க? ரெண்டு பக்கமும் ஜோடியா மலை வெச்சிடு."

"பாய், ஊறிப்போன தொட்டி. அடிக்கல்ல எடுத்தா மண்ணுக்குள்ள இருக்கிற விஷமெல்லாம் மேல வந்துடும். மீன் செத்துடும். நாத்தமும் தாங்காது."

"ஆம்பூர்காரன்கிட்டயே நாத்தத்தப் பத்திப் பேசறியா?" என்று சிரித்தார்.

மேல்கற்களை மட்டும் மாற்றித் தருகிறேன், அடிக்கல்லை ஒருவரும் தொடக்கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டு வேலையைத் தொடங்கினேன். மேற்பார்வைக்குக் குவாலிட்டி மேனேஜர் தனசேகர் சாரை அனுப்பினார் பாய். அங்கேதான் வந்தது வினை.

தனசேகர் சார் வாழ்நாளெல்லாம் இடதையும் வலதையும் ஒப்பிட்டே சம்பளம் வாங்கியவர். தோலில் குறி போடும் சில்வர் பேனாவோடு வந்து ஒவ்வொரு கல்லிலும் எல், ஆர் என்று எழுதப் பார்த்தார். ஈரக்கல்லில் பேனா எழுதவில்லை. அதற்கும் என்னைத்தான் முறைத்தார். வலது பக்கமும் ஒரு மலை எழுந்ததும் டேப்பை எடுத்து இரண்டு மலைகளையும் அளந்தார்.

"எடது மலைக்கு ஹீல் ஹைட் ஜாஸ்தி. ரிஜெக்ட்."

அதோடு விட்டாரா? மீன்களைப் பார்த்தார்.

"இன்னாம்மா, ஒண்ணு ஒம்போதாம் நம்பர் சைஸ், ஒண்ணு ஆறாம் நம்பர் சைஸ். ஜோடியே மிஸ்மேட்ச்."

"அது பொம்பள சார், பெருசாத்தான் இருக்கும். அது செத்துப்போச்சுன்னா இந்த ஆம்பளயே பொம்பளயா மாறிடும்."

டேப்பைக் கண்ணாடிமேல் வைத்து ஆண் மீனை அளந்தார். "அப்ப ரீவொர்க் பண்ணலாம்னு சொல்லு" என்றார்.

எனக்குத் தலை சுற்றியது. பின்பக்கம் டிரம்மில் எப்போதும் உப்புநீர் கலந்து வைத்திருப்பேன். வேலை முடியும்வரை மீன்களை விட்டுவைக்க ஒரு பெரிய டப்பில் அதை நிரப்பிக்கொண்டு வரப் போனேன். அந்த இடைவெளியில் சார், ஷூவை அச்சில் ஏற்றும் லாஸ்டிங் செக்ஷனிலிருந்து இரண்டு ஆட்களை வரவழைத்து, இடது மலையின் உயரத்தைக் குறைக்க அடிக்கல்லை உருவிவிட்டார்.

நான் திரும்பி வந்தபோது தொட்டி கறுப்பாகக் கலங்கியிருந்தது. அறை முழுக்க அழுகிய முட்டை நாற்றம்.

டேனரி ஊரில் எந்த நாற்றத்தையும் கேலி பேசலாம், இந்த ஒன்றைத் தவிர. கழிவுத் தொட்டியிலிருந்து விஷவாயு கிளம்பினாலும் இதே நாற்றம்தான் வரும். அதில் ஆள் போன கதை தெரியாத வீடு அங்கே கிடையாது. அதனால் வாட்ச்மேன் பெருமாள் அண்ணன் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. சைரனை அழுத்திவிட்டார். தையல் மெஷின்கள் நின்றன. கட்டிங், ஸ்டிச்சிங், பேக்கிங் என்று ஒவ்வொரு செக்ஷனாக ஆட்கள் வெளியேறினார்கள். தனசேகர் சார்தான் முதலில் போனார்.

"ஏம்மா, வெளிய வா! கேஸு!" என்று கத்தினார் பெருமாள் அண்ணன்.

"கேஸ் இல்லண்ணே, மண்ணு!"

"மண்ணுல ஏதும்மா இந்த நாத்தம்?"

விளக்கம் சொல்ல நேரமில்லை. மேடம் அனிமோனுக்குள் பதுங்கி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். அனிமோன் ஒட்டியிருந்த கல்லோடு சேர்த்து இரண்டு மீன்களையும் அள்ளி டப்பில் விட்டேன். அந்த நிலையிலும் என் விரலைக் கடித்தாள். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு அழுகை வந்துவிட்டது. கடிக்கிறாள் என்றால் பிழைத்துக்கொள்வாள். மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு பெருமாள் அண்ணனே டப்பின் ஒரு பக்கத்தைப் பிடித்தார். இருவருமாக அதை கேட் பக்கம், ஆபத்து என்றால் எல்லோரும் கூடும் அசெம்பிளி பாயிண்டில் கொண்டுபோய் வைத்தோம்.

அந்த நேரம் பார்த்து ஒரு கார் உள்ளே வந்தது. நாளைக்கு வரவேண்டிய பையர், ஒரு வெளிநாட்டு அம்மா, ராணிப்பேட்டையில் வேலை சீக்கிரம் முடிந்ததால் அன்றைக்கே வந்துவிட்டார். அவர் கண்டது இதுதான்: மொத்தக் கம்பெனியும் வரிசையாக நிற்கிறது. சூப்பர்வைசர்கள் தலை எண்ணுகிறார்கள். வரிசையின் கடைசியில் ஒரு டப், அதற்குள் இரண்டு மீன்கள்.

இது என்ன என்று அவர் கேட்டார். பாய் என்னைப் பார்த்தார். தனசேகர் சார்தான் முகம் மாறாமல் இங்கிலீஷில் சொன்னார்: எமர்ஜென்சி டிரில் மேடம், எங்கள் கம்பெனியில் மீன்களுக்கும் உண்டு.

அந்த அம்மா நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். இப்படி ஒரு கம்பெனியை எந்த நாட்டிலும் பார்த்ததில்லை என்றார். ஆர்டர் உறுதியானது.

எனக்குத்தான் அதன்பிறகு வாரக்கணக்கில் வேலை. தண்ணீரை மாற்றி, விஷத்தை உறிஞ்சக் கார்பன் போட்டு, கற்களைப் பழையபடி இடது பக்கமே அடுக்கினேன். கொஞ்சம் பவளம் போனது. மேடம் பிழைத்தாள்.

எல்லாம் தெளிந்தபின் ஒரு நாள் பாய் குழைவாகப் பேசினார். "ஸ்டெல்லா, அடுத்த மாசம் இன்னொரு பையர் வர்றாங்க. அந்த அடிக்கல்ல லேசா அசைச்சி வுடேன்?"

"என்னைக் கேக்காதீங்க பாய், மேடத்தைக் கேளுங்க. கைய உள்ள விடுங்க."

விட்டார். அவள் கடித்தாள்.

தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். பழைய தொட்டியில் மேல்கல் ஓனருடையது, அடிக்கல் மீனுடையது. மீறி யாராவது தொடப்போனால், முதலில் வாட்ச்மேனிடம் சொல்லிவிடுங்கள்.