நாலு பேர் ஆடிய செஸ்

ஒரு வாரமாக எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. இந்த வாரப் பத்தியை எழுத உட்கார்ந்தால் எழுந்துவிடுகிறேன். எழுந்தால் எதற்கு எழுந்தேன் என்று தெரியவில்லை. போன செவ்வாய்க்கிழமை காலையில் வில்சன் வந்துவிட்டுப் போனதிலிருந்து இப்படித்தான்.

வில்சன் யார் என்று சொல்லிவிடுகிறேன். அருமனைக்குப் பக்கத்தில் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர். நாற்பது வயதிருக்கும். நானோ நாகர்கோவிலில் உட்கார்ந்து மொபைலில் செஸ் ஆடுகிற ஆசாமி. உலகம் முழுக்க ஆட்கள் ஆடுகிற ஒரு வெப்சைட்டில் 'அருமனை கிங்' என்ற பெயரைப் பார்த்ததும், நம்ம ஊர்க்காரர் ஆச்சே என்று நானாகப் போய் வணக்கம் போட்டேன். அப்படித்தான் பழக்கம். வாரத்தில் மூன்று நாலு நாள் காலையில் ஆடுவோம், ஆளுக்கு அரை மணி நேரம். ஒரு தடவை மார்த்தாண்டத்தில் சேர்ந்து டீ குடித்திருக்கிறோம்.

பிரச்சினை என்னவென்றால்... வில்சன் ஒரே ஆள் மாதிரி ஆடமாட்டார். திங்கட்கிழமை ராணியைச் சும்மா தூக்கிக் கொடுப்பார். புதன்கிழமை நான் குதிரையை எங்கே வைத்தாலும் அவரிடம் ஒரு பதில் தயாராக இருக்கும். ஒரு மனுஷனுக்கு இரண்டு நாளில் இவ்வளவு புத்தி வருமா? இப்போதுதான் செஸ் ஆடுகிற சாஃப்ட்வேர் இலவசமாகவே கிடைக்கிறதே. எதிராளி நகர்த்தியதை அதில் போட்டு, அது சொல்கிற பதிலை இங்கே போட்டால் போதும். கேட்க யார் இருக்கிறார்கள்?

"அந்த ஆளு சாஃப்ட்வேர் வச்சு ஆடுதான்" என்று மனைவியிடம் சொன்னேன்.

"தோத்துட்டேன்னு ஒரு நாளாவது வாயத் தொறந்து சொன்னா என்னவாம்? அடுத்தவன கள்ளன்னு சொல்லதுக்கு மட்டும் நாக்கு நீளுது" என்றாள்.

அவளிடம் வாதாடிப் பயனில்லை. சோதித்துப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். ஒரு நாள் காலையில் மொபைலில் வில்சன், பக்கத்தில் லேப்டாப்பில் சாஃப்ட்வேர். அது சொன்னதை நான் போட்டேன் — அவ்வளவுதான் என் வேலை. இருபத்தேழாவது நகர்த்தலில் வில்சனின் ராஜாவுக்குப் போக இடமில்லை.

இது ஏமாற்று இல்லை, இன்ஸ்பெக்‌ஷன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவரிடமும் மெஷின் இருந்தால் இப்படித் தோற்றிருக்கமாட்டாரே என்கிற சின்ன விஷயம் மண்டையில் ஏறவில்லை. ஜெயித்த குஷி. அடுத்த வாரம் சாஃப்ட்வேர் இல்லாமல் ஆடினேன். துவைத்துக் காயப்போட்டுவிட்டார். வந்த கோபத்தில் 'ரிப்போர்ட்' பட்டனை அழுத்தினேன். பத்து நாளில் அருமனை கிங்கின் அக்கவுண்ட் மூடப்பட்டுவிட்டது. பெயருக்குக் கீழே, நேர்மை விதிகளை மீறியவர் என்று ஒரு வரி வேறு.

திருப்தியாக இருந்ததா என்று கேட்கிறீர்களா? இருந்தது. பொய் சொல்வானேன்.

செவ்வாய்க்கிழமை வாசல் மணி அடித்தது. கையில் இரண்டு அன்னாசிப்பழத்தோடு வில்சன்.

"சாரே, எனக்க அக்கவுண்ட பூட்டிட்டாவ" என்றார், உட்காருவதற்கு முன்பே. "நான் கள்ளக்களி களிச்சேனாம்." கள்ள ஆட்டத்துக்கு அவர் பக்கத்தில் அதுதான் பெயர்.

"நீங்க ஏதாவது..." என்று இழுத்தேன்.

"ஒண்ணும் செய்யல்ல சாரே. மெயிலு வந்துது. ஆடும்பம் ஆராவது ஒதவி செய்யாவளான்னு கேட்டாவ. ஆமா, நாங்க நாலு பேரு உண்டு, எல்லாரும் நல்லா களிப்பாவன்னு பதில் போட்டேன். அதோட பூட்டிட்டாவ."

நாலு பேரா?

விஷயம் இதுதான். மழை பெய்தால் பால் வெட்டு கிடையாது. அன்றைக்கு வில்சனும் கூட வெட்டுகிற மூன்று பேரும் ரப்பர் ஷீட் அடிக்கிற ஷெட்டில் கூடிவிடுவார்கள். நடுவில் ஒரு செஸ் போர்டு. நான் இங்கே நகர்த்துவதை அந்தப் போர்டில் நகர்த்தி, நாலு பேரும் சண்டை பிடித்து ஒரு முடிவுக்கு வந்தபின் வில்சன் மொபைலைத் தொடுவார். மழையில்லாத நாளில்? வெட்டி முடித்து, சிரட்டையில் பால் வடிகிற நேரத்தில், மரத்தடியில் கொசு அடித்துக்கொண்டு தனியாக ஆடுவார். ராணியைத் தூக்கிக் கொடுத்ததெல்லாம் அந்த நாட்களில்.

எங்கள் பக்கத்தில் செஸ்ஸை யார் தனியாக ஆடியிருக்கிறார்கள்? இரண்டு பேர் போர்டை விரித்தால் ஆறு பேர் சுற்றி நிற்பார்கள். 'ஏலே, யானைய எடுலே' என்று ஆளாளுக்குச் சொல்வார்கள். வாயை மூடச் சொன்னால் அவன்தான் மரியாதை தெரியாதவன். யோசனை கேட்பதும் ஆட்டத்தில் சேர்த்தி என்றுதான் வில்சன் நினைத்திருக்கிறார். வெப்சைட்காரர்களின் விதிப்படி அது தப்பு, சந்தேகமில்லை. ஆனால் கேட்டவுடன் 'நாலு பேர்' என்று எழுதிக் கொடுக்கிற கள்ளனை எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா?

"பேருக்குக் கீழ போட்ட எழுத்த எனக்க மவ பாத்துட்டா சாரே. பிளஸ் ஒண்ணு படிக்கா. 'அப்பா, நீங்க கள்ளக்களியா களிச்சிய'ன்னு கேட்டா. அக்கவுண்டு போனா போட்டு. அந்த எழுத்த மாத்தணும். சாரு இங்கிலீசுல ஒரு லெட்டர் எழுதித் தரணும்."

லேப்டாப்பைத் திறந்தேன். 'டியர் சார்' என்று அடித்தேன். அதற்கு மேல் விரல் ஓடவில்லை. எழுந்து ஜன்னலைத் திறந்தேன். மூடினேன். ஃபேனைக் கூட்டினேன். டீ கொண்டுவந்த மனைவி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

"ரிப்போர்ட் குடுத்தது நான்தான் வில்சன்."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"சம்சயம் உண்டுன்னா எனக்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே சாரே" என்றார். குரல் உயரவே இல்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. பிறகு அவரே, "போட்டும். நாலு பேரு சேந்து ஒரு ஆள அடிச்சது தப்புதான. எங்களுக்குத் தெரியல்ல" என்றார்.

நடந்ததை நடந்தபடி எழுதி அனுப்பினோம். அதோடு முடிந்திருக்கலாம். கிளம்பும்போது வாசலில் நின்றார்.

"சாரே, ஒரு நாளு இருபத்தியேழு மூவுல எங்கள முடிச்சியளே... அண்ணைக்கு நல்ல மழை. நாங்க நாலு பேரும் இருந்தோம். அது சாரு ஒத்தைக்கா களிச்சிய?"

"ஆமா" என்று வாய் சொல்லிவிட்டது.

இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அந்த ஆட்டத்த எழுதி வச்சிருக்கோம். மழை பெஞ்சா இப்பமும் போர்டுல வச்சு ஒவ்வொண்ணா படிப்போம். களிச்சா அப்படிக் களிக்கணும் சாரே."

வெப்சைட்டிலிருந்து இன்னும் பதில் வரவில்லை. என் அக்கவுண்ட் மட்டும் பத்திரமாக இருக்கிறது, ஒரு கறையும் இல்லாமல். தினமும் வில்சனின் நம்பரை எடுக்கிறேன், வைத்துவிடுகிறேன். வாராவாரம் இந்தப் பத்தியில் எத்தனையோ பேருக்கு முன்னால் வாய் கிழியப் பேசுகிறவனுக்கு ஒரு ஆளிடம் போனில் பேச நாக்கு எழவில்லை. அதனால் இங்கேயே எழுதிவிடுகிறேன்.

வில்சன், அந்த ஆட்டத்தைப் படிக்காதீர்கள், அதை லேப்டாப் ஆடியது. மகளைக் கூப்பிட்டு இந்த வரியை மட்டும் காட்டுங்கள்: கள்ளக்களி களித்தது உன் அப்பா இல்லை மோளே, நாகர்கோவில் சார்.