சுவர் மேல் யோவான் கோச்

காலையில் காப்பி ஆறுவதற்குள் பிலோமினா டீச்சரின் அழைப்பு வந்தது. "யோவான் போயிட்டாரு தம்பி. தூக்கத்துலயே. நீ வந்துரு," என்றார். ஆதம்பாக்கத்திலிருந்து அடையாறு வரை ஆட்டோவில் ஒன்றும் யோசிக்காமல் போனேன். மறுநாள் ஒரு நாளிதழ், 'வெளிநாட்டுப் பயிற்சியாளர் காலமானார்' என்று போட்டிருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு வாழ்நாள் முழுக்க அடையாறில் மீன்காரம்மாவோடு பேரம் பேசித் தோற்றவர் எந்தக் கணக்கில் வெளிநாட்டுக்காரர்?

பிறந்தது வியன்னாவில்தான். 1950-களில் அங்கே கால்பந்தில் இடது ஓரத்தில் ஆடியவர். முழங்கால் போனதும் பயிற்சியாளராகி, ஒப்பந்தத்தின் பேரில் மெட்ராஸுக்கு வந்தார். யோஹான் என்ற பெயரைச் சாந்தோம் தேவாலயப் பங்கு மக்கள் யோவான் ஆக்கினார்கள். ஒப்பந்தம் முடிந்ததும் கால்பந்துச் சங்கம் மாலை போட்டுக் கப்பல் டிக்கெட்டும் கொடுத்தது. அவர் ஏறவில்லை. பிலோமினா டீச்சரைக் கல்யாணம் செய்துகொண்டார். பெரிய அணிகள் எதுவும் சேர்த்துக்கொள்ளாத குப்பத்துப் பையன்களைக் கூட்டி அடையாறில் ஓர் அணி தொடங்கினார். ஏன் ஊருக்குப் போகவில்லை என்று சங்கத்தில் கேட்டதற்கு, "எனக்குக் கப்பல் ஒத்துக்காது," என்றாராம். வந்ததும் கப்பலில்தான்.

நான் நடுவர், அவர் கோச். எங்களுக்குள் எத்தனை சண்டை என்பது மைதானத்துக்கு வருகிற உங்களுக்கே தெரியும். ஒருமுறை அவர் பையன் போட்ட கோலை ஆஃப்சைடு என்று மறுத்தேன். கோட்டோரம் நின்று கத்தினார். மைதானத்தை விட்டு வெளியே அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் தலைக்கு மேலிருந்து குரல் வந்தது: "லெஃப்ட்ல போடா, லெஃப்ட்ல!" மைதானத்துச் சுற்றுச்சுவர் மேல், கையில் சுண்டல் பொட்டலத்தோடு உட்கார்ந்திருந்தார்.

"இறங்குங்க சார். வெளிய போகச் சொன்னேன்ல?"

"வெளியதான் கீறேன் நைனா. சுவரு கார்ப்பரேசனுது. ஆட்டம்தான் உன்னுது. போய் ஊது."

அந்த ஆட்டத்தில் அவர் அணிதான் ஜெயித்தது. முடிந்ததும் டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, "ஆஃப்சைடுதான். நானும் பார்த்தேன்," என்றார். இதை வேறு யாரிடமும் அவர் ஒப்புக்கொண்டதில்லை.

அவருடைய பழைய கோல்கீப்பர் இறந்தபோது, ஆட்டத்துக்கு முன்னால் ஒரு நிமிட மௌனம் வைத்தோம். எல்லோரும் தலைகுனிந்து நிற்க, அவர் மட்டும் கோட்டோரம் நடந்துகொண்டே இருந்தார். "ஓடுனவன் செத்ததுக்கு எதுக்குப்பா நிக்கிறீங்க? நான் போனா ஒருத்தரும் நிக்கக் கூடாது," என்றார்.

"சங்கம் சொன்னா நின்னுதான் ஆவணும் சார்."

"அப்போ ஆட்டம் உன்னுதுன்னு நான் சொன்னது பொய்யா?"

நிமிடம் முடிந்ததும் விசிலை ஊதினேன்.

போன ஞாயிறு அதே மைதானத்தில் அவர் நினைவாக ஓர் ஆட்டம். விசில் என்னிடம். இரு அணிகளும் நடுவட்டத்தைச் சுற்றித் தலைகுனிந்து நின்றன. மௌனத்தைத் தொடங்கச் சொல்லிச் சங்கச் செயலாளர் தலையசைத்தார். நான் பந்தை நடுப்புள்ளியில் வைத்தேன். ஆட்டம் தொடங்க ஊதினேன். பையன்கள் விழித்தார்கள். "ஓடுங்கடா," என்றேன். ஓடினார்கள். நாற்காலியில் இருந்த பிலோமினா டீச்சர் கைதட்டினார்.

செயலாளர் கோட்டைத் தாண்டி உள்ளே வந்துவிட்டார். "இன்னாபா பண்ணிக்கினு இருக்கே? அடுத்த சீசன்ல உன்கிட்ட எவனும் விசில் குடுக்க மாட்டான், தெரிஞ்சுக்கோ."

"குடுக்க வேணாம் சார். இப்ப வெளிய போங்க. ஆட்டம் என்னுது."

சொன்னபடியே செய்வார்கள், அவர்களை எனக்குத் தெரியும். செய்யட்டும். யோவான் கோச் எனக்கு விட்டுப்போனதை எந்தச் சங்கமும் பிடுங்க முடியாது. அடுத்த சீசனில் என்னைத் தேடுகிறவர்கள் சுவர் மேல் பாருங்கள். சுண்டலும் வாங்கி வைத்திருப்பேன்.