நெத்தலி காயும் சோலார்

குருநகர்த் துறையில் தேநீர் குடித்துவிட்டுத் திரும்புகிறேன். என் பாய்மரப் படகின் பேட்டரிக்காகக் கரையில் விரித்துவிட்டுப் போன இரண்டு சோலார் தகடுகளின் மேலும் நெத்தலி காய்கிறது. பேட்டரி ஏறாவிட்டால் படகில் விளக்கு எரியாது. விளக்கில்லாமல் இன்றிரவு நெடுந்தீவுக்குப் புறப்பட முடியாது.

“அக்கா, இது கரண்ட் எடுக்கிற தகடு,” என்கிறேன், மீன் பரப்பிக்கொண்டிருக்கும் பெண்ணிடம்.

“ஓம் தம்பி, தெரியும். ரெண்டுக்கும் ஒரே வெயில்தானே.”

“என் பேட்டரி?”

“நல்ல வெயில் படுற இடமாப் பார்த்து நீங்கள்தானே வைச்சனீங்கள். உதிலை நில்லுங்கோ, சாப்பிட்டிட்டு வாறன். காகம் வந்தாக் கலைச்சு விடுங்கோ.”

எரிச்சலில் பல்லைக் கடிக்கிறேன். ஆனால் நெத்தலியை அள்ளிப் போட வீரம் போதவில்லை. காகம் கலைத்துக் களைத்துக் குனிந்தால், தகட்டில் மீன் படாமல் மிஞ்சிய ஒரே மூலையில் என் நிழல் விழுந்து கிடக்கிறது.